சேர்மன் எலெக்‌ஷனில் நிற்கப் போகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி முதுகலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலை வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, இந்த வருஷம் நிக்கலாம்னு இருக்கேன். என்ன பண்ணணும்?" நான் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டில் மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நின்று 11 ஓட்டில் தோற்றவள். தோற்றவளிடம் எதற்குக் கேட்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. ஜெயித்தவர்கள் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட்டதால் போனை எடுப்பதில்லையாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் தேர்தலே நடப்பதில்லையே. ஹெச்.ஓ.டி. பெயர் சொல்கிறவர்தான் பிரதிநிதி. நான் எங்கே போய் நிற்பது?

தமிழ்நாட்டில் பாதிக் கதை இதுதான். பட்டியலில் "மாணவர் பேரவை" என்று இருக்கும். அதில் இருப்பவர்கள் முதல் மதிப்பெண் வாங்கியவர்களாகவோ, விழா மேடையில் நன்றாகத் தொகுத்து வழங்குகிறவர்களாகவோ இருப்பார்கள்.

ஆனால் உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தல்களுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டது. தேர்தல் நடத்த ஏற்ற சூழல் இல்லாத இடத்தில் நியமன முறையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடுதான், ஐந்து ஆண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்பதுதான் அதன் பரிந்துரை. அந்த ஐந்து ஆண்டு முடிந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரின்சிபால் அறைக்குக் கும்பலாகப் போகாதீர்கள். கோஷம் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். வெள்ளைத்தாளில் மனு எழுதி, முப்பது கையெழுத்து வாங்கி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட்ட நகலுக்கு ஒருநாள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு கதவும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிப்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அதில் இளங்கலை, முதுகலை, ஆராய்ச்சி என்று மூன்று நிலைக்கும் ஒவ்வொரு மாணவர் உறுப்பினர் உண்டு. அவர்களை வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. பேரவைத் தேர்தல் இல்லாத கல்லூரியில்கூட "இந்த மூன்று பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்கலாம். நான் கேட்டபோது அலுவலகத்தில் அரை மணி நேரம் ஃபைல் தேடினார்கள்.

எனக்கு 26 வயது. பி.எட். முடித்து, இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எம்.ஏ. சேர்ந்தேன். நிற்க முடியுமா?

கஷ்டம்தான். லிங்டோ விதியில் முதுகலை மாணவருக்கு உச்ச வயது 24-25, ஆராய்ச்சி மாணவருக்கு 28. நம் மாவட்டங்களில் இது பலரை வெளியே தள்ளிவிடுகிறது. வீட்டுக்காகச் சிப்காட்டிலோ திருப்பூரிலோ சில வருஷம் உழைத்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். பிரச்சினைகளை நன்றாகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். விதியில் எனக்குச் சம்மதமில்லாத இடம் இது. ஆனாலும் விதி விதிதான். இப்படிப்பட்டவர்கள் வேட்பாளருக்குப் பின்னால் நின்று வேலை செய்தால் அந்த வேட்பாளர் கொடுத்து வைத்தவர்.

ஒரே ஒரு அரியர் இருக்கிறது.

நிற்கும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதம் அல்லது பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, இரண்டில் எது அதிகமோ அது வேண்டும். முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய் அட்டெண்டன்ஸ் விட்டவர்கள் முதலில் அதைக் கணக்குப் பாருங்கள். முழுநேர மாணவராக இருக்க வேண்டும், குற்ற வழக்குப் பின்னணி இருக்கக் கூடாது, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதலாம் ஆண்டில் நிற்பதா, இரண்டாம் ஆண்டிலா?

இதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேர்மன், செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரண்டு முறை. முதலாம் ஆண்டில் அவசரப்பட்டு நின்று தோற்றால் நிர்வாகிக் கணக்கு அதோடு முடிந்தது.

வகுப்பு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு அக்டோபருக்குள் தேர்தல். அதற்குள் நூலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பெரிய விஷயம். முதலாம் ஆண்டில் செயற்குழு, இரண்டாம் ஆண்டில் செயலாளர் என்று போவதுதான் என் யோசனை. நான் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த 11 ஓட்டு கிடைத்திருக்கும் என்று இன்னமும் தோன்றுகிறது.

சேர்மன் பதவியா, செயலாளரா?

மாலை போடுவது சேர்மனுக்கு. கடிதம் எழுதுவது செயலாளர். உங்களுக்கு எது பிடிக்கும்?

ஓட்டில் முக்கால்வாசி இளங்கலைப் பிள்ளைகளுடையது. எங்களை யார் என்றே தெரியாதே?

தெரியாமல் போனதற்கு நாம்தான் காரணம். பைசுஅள்ளியில் இருக்கிற பெரியார் பல்கலைக்கழக முதுநிலை மையம் மாதிரியான இடத்தில் எல்லோரும் முதுகலைதான், அங்கே இந்தக் கவலை இல்லை. இளங்கலையும் முதுகலையும் ஒரே வளாகத்தில் இருக்கும் கலைக் கல்லூரிகளில், முதுகலை ஆட்கள் தங்கள் மாடியை விட்டு இறங்குவதே இல்லை. நான் ஓட்டுக் கேட்கப் போனபோது பி.காம். முதலாம் ஆண்டுப் பையன் எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்றான். என்னை கெஸ்ட் லெக்சரர் என்று நினைத்துவிட்டான். மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. உட்காரச் சொல்லி, நானும் ஸ்டூடண்ட்தான் என்று புரிய வைப்பதற்குள் பெல் அடித்துவிட்டது.

அதற்கப்புறம் வழியை மாற்றினேன். தேர்வுக்கு முன்னால் முதலாம் ஆண்டு மாணவர்கள் கணக்கில் தடுமாறுவார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அதைத் தேர்தலுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், நான் தேர்தல் வாரத்தில்தான் தொடங்கினேன். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, எதற்காக வந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னொன்று, வீட்டு மொழி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், கிருஷ்ணகிரி டவுன் பிள்ளைகள் பலர் உருது. வகுப்பில் பேசாமல் கடைசி பெஞ்சில் இருக்கும் இவர்களிடம் எந்த வேட்பாளரும் போவதில்லை. அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்த ஒரு தோழி உங்களோடு இருந்தால் போதும்.

எல்லாரும் நாலரைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் போய் ஓட்டுக் கேட்கலாமா?

கூடாது. வளாகத்துக்கு வெளியே ஊர்வலம், கூட்டம், பிரசாரம் எதற்கும் அனுமதி இல்லை. இது தெரியாமல் நான் மாட்டிக்கொண்டேன். பென்னாகரம் பஸ்ஸில் எங்கள் கல்லூரிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கம்பியைப் பிடித்து நின்றபடி எல்லோரிடமும் ஓட்டுக் கேட்டேன். மறுநாள் காலை என் பெயரில் புகார். தேர்தல் அலுவலராக இருந்த பேராசிரியர் கூப்பிட்டு, "ஏம்மா, கண்டக்டர் ஓட்டும் உனக்குத்தானா?" என்றார். எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வைத்து விட்டுவிட்டார்.

ஆக, உங்களுக்குக் கிடைப்பது காலை வகுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம், மதியம் சாப்பாட்டு நேரம், ஆய்வகத்தில் ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் நடுவில் இருக்கும் காத்திருப்பு. வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்பு வரை மொத்தமே பத்து நாளுக்கு மேல் போகக் கூடாது. நாலு மணிக்குக் கூட்டம் போடுகிறேன் என்று அறிவித்தால் ஹாஸ்டல்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது காசு கொடுத்து ஏறும் பஸ் என்றால் எந்தப் பெண் உங்கள் பேச்சைக் கேட்க நிற்பாள்?

எவ்வளவு செலவாகும்?

வரம்பு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய். அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் கூடாது. கையால் எழுதியதுதான், அதையும் கல்லூரி குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டுமே ஒட்டலாம். ஒலிபெருக்கி, வண்டி கூடாது. பிரசாரத்துக்கு விலங்குகளையும் பயன்படுத்தக் கூடாது என்று விதியில் இருக்கிறது. எங்கோ யாரோ யானையில் வந்திருக்க வேண்டும்!

என் கணக்கைச் சொல்கிறேன். சார்ட் பேப்பர் 30, ஒன்று 10 ரூபாய் வீதம் 300. மார்க்கர் 6, ஒன்று 25 வீதம் 150. டேப், பசை 90. மனு, சான்றிதழ் நகல் 40. மொத்தம் 580 ரூபாய். சார்ட் தீர்ந்த பிறகு பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம். வழவழப்பான தாளில் மார்க்கர் காய நேரமாகும். ஒரு போஸ்டரில் என் பெயரின் மேல் என் தோழியின் உள்ளங்கை ரேகை முழுசாகப் பதிந்திருந்தது.

முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வெற்றியே ரத்தாகலாம். மாணவர்கள் விரும்பிக் கொடுக்கும் பணம் தவிர வேறு யாரிடமும் வாங்கக் கூடாது. ஓட்டுப் போடும் நாளன்று தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. டீ, பன் கூடாது, பிரியாணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாக்காளரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வருவதும் குற்றம்.

கட்சி அண்ணன் ஒருவர் ஃப்ளெக்ஸ் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

ஃப்ளெக்ஸே கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். கட்சிப் பணமும் கூடாது. உங்களுக்குக் கட்சி நம்பிக்கை இருக்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் இன்று ஃப்ளெக்ஸ் வைக்கிற அண்ணன் நாளைக்கு அவர் கூட்டத்துக்கு உங்கள் வகுப்பை அழைத்து வரச் சொல்வார். அப்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

வீட்டில் "எலெக்‌ஷன் வேண்டாம், படிக்கிற வேலையைப் பார்" என்கிறார்கள்.

அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரி இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் இறந்தார்கள். அவர்களுக்கும் அந்த அரசியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் அம்மாவுக்கு அரசியல் என்ற சொல் காதில் விழுந்தாலே அந்தப் பஸ்தான் ஞாபகம் வரும். நான் மனு போட்ட விஷயத்தை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். அது தப்பு. முதல் நாளே விதிகளைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கலாம். கட்சி இல்லை, ஊர்வலம் இல்லை, எல்லாம் கேட்டுக்கு உள்ளேயே, பத்து நாளில் முடிந்துவிடும் என்று தெரிந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "செயலாளர்னா சம்பளம் உண்டா?"

நம்ம ஆளுங்க ஓட்டு மட்டும் விழுந்தாலே ஜெயிச்சிடலாம் என்கிறார்களே?

சாதியைச் சொல்கிறார்கள். சாதி, மத உணர்வைத் தூண்டி ஓட்டுக் கேட்பது விதிமீறல். அதை விடுங்கள். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. அந்த ஊர்களிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பெஞ்சை இரண்டாக அறுத்து ஜெயிக்கிற செயலாளர் அப்புறம் யாருக்காகக் கடிதம் எழுதுவார்? உங்களுக்காக யாராவது அப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் கூப்பிட்டு நிறுத்துங்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் உங்கள் தெருவுக்கு வெளியே இருந்து வரட்டும்.

பெண் வேட்பாளர் என்றால் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

போஸ்டரில் போட்டோ வேண்டாம், பெயர் மட்டும் போதும். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பரைப் போடாமல் வகுப்புப் பிரதிநிதி வழியாகச் செய்தி அனுப்புங்கள். போட்டியாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. யாராவது பேசினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே புகார் கொடுங்கள். "பொண்ணு எப்படி ராத்திரி விழா வேலை எல்லாம் பார்க்கும்?" என்பார்கள். விழாவைப் பகலில் வைத்தால் பஸ்ஸில் வரும் ஆண் பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்று பதில் சொன்னேன். கைதட்டு வந்தது.

என்ன வாக்குறுதி கொடுப்பது?

"மாணவர் நலன் காப்பேன்" என்று எழுதாதீர்கள். எல்லா போஸ்டரிலும் அதுதான் இருக்கும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதன் அடிவரை போங்கள்.

எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் இருந்த குறை தண்ணீர். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் காவி படிந்த ஆட்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கல்லூரிக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது என்றார்கள். பிறகு ஏன் இரண்டாம் மாடிக் குழாயில் மட்டும் உப்புக் கரிக்கிறது? போட்டியாளர்கள் "சுத்தமான குடிநீர்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பிளம்பர் அண்ணனோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். இரண்டு தொட்டி இருந்தது, ஒன்று போர் தண்ணீர், ஒன்று ஒகேனக்கல். எங்கள் மாடிக்குப் போகும் குழாய் போர் தொட்டியில் இணைந்திருந்தது. நடுவில் ஒரு வால்வும் ஒன்றரை ஆள் நீளக் குழாயும் போட்டால் சரியாகிவிடும் என்றார். என் போஸ்டரில் அதைத்தான் வரைந்தேன்: இரண்டு தொட்டி, ஒரு வால்வு, ஒரு அம்புக்குறி. என் பெயரைவிட அம்புக்குறி பெரிதாக இருந்தது.

உங்கள் கல்லூரியில் அது வேறாக இருக்கும். உதவித்தொகைப் படிவத்தில் சீல் போட ஒரே ஒரு கிளார்க், அவர் லீவு என்றால் தேதி போய்விடும் என்பதாக இருக்கலாம். நூலகம் நாலு மணிக்கே மூடுவதாக இருக்கலாம். பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லாததாக இருக்கலாம். யார் கையெழுத்துப் போட்டால் சரியாகும் என்பது வரை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

நான் பிஎச்.டி. ஸ்காலர். கைடு கோபித்துக்கொள்வாரோ?

கோபித்துக்கொள்ளலாம். அவர் காதுக்கு வேறு யாரோ கொண்டுபோவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். "பத்து நாள் சார், அறிக்கை தேதி தவறாது" என்று சொல்லி, அதன்படியே தேதி தவறாமல் கொடுங்கள். அதையும் மீறித் தொந்தரவு வந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர் குழு எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும், 15 வேலை நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆனால் வைவா வரை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் பேச வராது.

இரண்டு நிமிஷம் போதும். மனப்பாடம் செய்யாதீர்கள்.

தோற்றுவிட்டால்?

அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. மறுநாள் போஸ்டரைக் கிழிக்க வேண்டும், ஓட்டுப் போட்ட இடத்தை 48 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்வது எல்லா வேட்பாளர்களின் பொறுப்பு. எனக்கும் ஜெயித்தவனுக்கும் ஒரே பக்கத்துச் சுவர் விழுந்தது. பாதி சுவர் சுரண்டியபோது அவன் கேட்டான், "அந்த வால்வு விஷயம், பிளம்பர் பேர் என்ன?" சொன்னேன். கடிதத்தை நான் எழுதினேன், அவன் கையெழுத்துப் போட்டான். வால்வு வர டிசம்பர் ஆகிவிட்டது.

வேட்புமனு அன்று என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

அடையாள அட்டை, வயதுக்கு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், அரியர் இல்லை என்பதற்கு மதிப்பெண் பட்டியல்கள், அட்டெண்டன்ஸுக்குத் துறையின் கையெழுத்து. முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரையும் நேரில் அழைத்துப் போங்கள், அவர்கள் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுதுங்கள். என் தோழியின் இனிஷியல் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் போனதற்காக இரண்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசி நாள் மூன்று மணி என்றால் முந்தின நாள் காலையிலேயே போய்விடுங்கள். பேனா இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்றை அங்கே யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.